எதிரிக் கோள்களின் காதலர்கள்: ஒரு சிரிப்பும் எழுபது ஆண்டு வரலாறும்

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்குச் சில மாதங்களுக்கு முன் ஒரு கதை வந்தது. பெயர் போடாமல், நோட்டுத் தாள்களில் எழுதி, மேசையில் வைக்கப்பட்டிருந்தது. இரண்டு கோள்கள். தலைமுறை தலைமுறையாகப் போர். இந்தக் கோளின் படைவீரன் ஒருவனும் அந்தக் கோளின் படைவீரன் ஒருவனும் காதலிக்கிறார்கள். இரண்டாவது பக்கம் வாசிக்கும்போதே யாரோ சிரித்தார்கள். "வேற்றுக்கிரகத்துல போயுமா தோழர் இதெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. நாங்களும் தாள்களை மூடி வைத்துவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விட்டோம்.

ஒருவரின் சாதியைச் சொல்லி யாராவது அப்படிச் சிரித்திருந்தால் கூட்டம் அந்த இடத்திலேயே நின்றிருக்கும். இந்தச் சிரிப்பை நாங்கள் கடந்து போக விட்டோம். அது தவறு. எழுதியவர் அந்த அறையில்தான் எங்கோ உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

"வேற்றுக்கிரகத்தில் போயுமா?" என்ற கேள்விக்கு ஒரு நேர்மையான பதில் உண்டு. ஆம், அங்கேதான். இந்தக் காதலைச் சொல்வதற்கு ஒரு காலத்தில் பூமியில் இடமே இருக்கவில்லை. அதனால்தான் அது விண்வெளிக்குப் போனது. போன கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1953: இரண்டு உலகங்களும் ஒத்துப்போன ஒரே வெறுப்பு

1953 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன் எண் 10450. அரசு வேலைக்குத் தகுதியற்றவர்கள் யார் என்று வரையறுத்த அந்த ஆணை, 'பாலியல் வக்கிரத்தையும்' காரணங்களில் ஒன்றாகச் சேர்த்தது. தன்பாலின ஈர்ப்பாளர்கள் அரசு அலுவலகங்களிலிருந்து தேடித் தேடி வெளியேற்றப்பட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். பக்கத்து மேசைக்காரரே காட்டிக்கொடுப்பார் என்று பயந்து வாழ்ந்த காலம் அது.

அதே ஆண்டு ஜூனில் 'யுனிவர்ஸ் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற இதழில் தியோடர் ஸ்டர்ஜன் ஒரு சிறுகதை எழுதினார். 'தி வேர்ல்ட் வெல் லாஸ்ட்' என்பது அதன் தலைப்பு. டிர்பானு என்ற கோளிலிருந்து இருவர் பூமிக்கு வந்து இறங்குகிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் அவ்வளவு அன்பாக இருக்கிறார்கள். பூமியே அவர்களைப் பார்த்து மயங்கி, 'காதல் பறவைகள்' என்று செல்லப்பெயர் வைக்கிறது. பூமியோடு எந்த உறவும் வேண்டாம் என்று ஒதுங்கியிருந்த கோள் டிர்பானு. அந்த அரசாங்கம் திடீரென்று ஒரு செய்தி அனுப்புகிறது: இருவரும் எங்கள் குற்றவாளிகள், திருப்பி அனுப்புங்கள். இதையே சாக்காக வைத்து டிர்பானுவோடு நல்லுறவு கிடைக்குமே என்று பூமியும் உடனே சம்மதிக்கிறது.

அவர்களைக் கொண்டுபோகும் கப்பலில் இரண்டே பேர். கேப்டன் ரூட்ஸ் வாய் ஓயாதவர், பெண்களைப் பற்றிய பெருமைப் பேச்சுக்காரர். இன்னொருவர் கிரன்ட்டி. பேசவே மாட்டார். வழியில் கிரன்ட்டிக்கு ஒன்று தெரிகிறது: கைதிகளுக்கு மற்றவர் மனதை வாசிக்கும் ஆற்றல் இருக்கிறது. தன் மனதுக்குள் இருப்பது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில், அவர்களைக் கொன்றுவிடக்கூடத் துணிகிறார். அப்போது கைதிகள் படம் வரைந்து காட்டுகிறார்கள். டிர்பானுவில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு முற்றிலும் வேறு வேறு. இந்த இருவரும் ஆண்கள். அவர்களுடைய 'குற்றம்' அதுதான்.

கிரன்ட்டி அவர்களை உயிர்காப்புக் கலத்தில் ஏற்றித் தப்பவிடுகிறார். விஷயம் தெரிந்ததும் கேப்டன் ரூட்ஸ் அருவருப்பில் கொதிக்கிறார். கிரன்ட்டி ஏன் பயந்தார் என்பது வாசகருக்குத்தான் புரிகிறது. அவர் நேசிப்பது அந்தக் கேப்டனைத்தான். அதை அவர் சொல்லப்போவதே இல்லை.

இந்தக் கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பூமிக்கும் டிர்பானுவுக்கும் மொழி வேறு, உடல் வேறு, அரசியல் வேறு. ஒருவரையொருவர் சகிக்காத இரண்டு சமூகங்கள். ஆனால் இந்த இருவரை வெறுப்பதில் மட்டும் அவை அச்சுப் பிசகாமல் ஒத்துப்போகின்றன. எதிரிகள் கூடிக் கைகுலுக்கும் இடம் ஒடுக்கப்பட்டவரின் முதுகாக இருப்பதை நாமும் பார்த்திருக்கிறோம். ஊருக்குள் ஆயிரம் பகை இருக்கும். ஒரு சாதி மறுப்புத் திருமணம் நடந்தால் எல்லாப் பகையும் மறந்து ஒரே பஞ்சாயத்தில் உட்காருவார்கள்.

சைக்ளோஸ்டைல் காகிதத்தில் ஒரு காதல்

1966 செப்டம்பர் 8 அன்று 'ஸ்டார் ட்ரெக்' அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 1969 வரை 79 அத்தியாயங்கள். கேப்டன் கிர்க் பூமிக்காரர். அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கின் தந்தை வல்கன் கோளைச் சேர்ந்தவர், தாய் பூமியைச் சேர்ந்தவர். இரண்டு இனத்துக்கும் பிறந்ததால் வல்கனிலும் அவர் முழுமையானவர் இல்லை, மனிதர்களிடையேயும் இல்லை. அன்றைய அமெரிக்காவில் இது வெறும் கற்பனைப் பாத்திரம் இல்லை. கறுப்பர், வெள்ளையர் திருமணத்தைத் தடைசெய்யும் சட்டங்கள் செல்லாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1967 ஜூனில்தான். ஸ்பாக்கைப் போன்ற பிள்ளை பிறப்பதற்குக் காரணமான திருமணமே பல மாநிலங்களில் குற்றமாக இருந்தபோது இந்தத் தொடர் வெளிவந்துகொண்டிருந்தது.

1966 டிசம்பரில் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' அத்தியாயத்தை இளம் தோழர்கள் அவசியம் பார்க்க வேண்டும். ரோமுலன்கள் பூமியின் பழைய எதிரிகள். ஒரு நூற்றாண்டுக்கு முன் நடந்த போரில் இரு தரப்பும் முகம் பார்க்காமலேயே சண்டையிட்டிருக்கின்றன. இப்போது முதல்முறையாகத் திரையில் ரோமுலன் முகம் தெரிகிறது. அது வல்கன்களின் முகத்தைப் போலவே இருக்கிறது. உடனே கப்பலில் ஓர் அதிகாரி ஸ்பாக்கைச் சந்தேகிக்கத் தொடங்குகிறார். இவன் அவர்களுடைய ஆள்தானே? கிர்க் அவரைக் கண்டிக்கிறார். கடைசியில் அந்த அதிகாரியின் உயிரைக் காப்பாற்றுவதும் ஸ்பாக்தான். எதிரிக் கப்பலின் தளபதியும் கிர்க்கும் சாவதற்குச் சற்றுமுன் திரை வழியாகப் பேசிக்கொள்ளும்போது, வேறொரு சூழலில் நண்பர்களாகியிருக்கலாமே என்ற ஏக்கம்தான் மிஞ்சுகிறது. அந்தத் தளபதியாக நடித்த மார்க் லெனார்ட் மறு ஆண்டு ஸ்பாக்கின் தந்தையாக நடித்தார். எதிரிக்கும் தகப்பனுக்கும் ஒரே முகம்!

1967 செப்டம்பரில் வந்த 'அமோக் டைம்' அத்தியாயத்தை எழுதியவர், முன்பு பார்த்த அதே ஸ்டர்ஜன். வல்கன்களுக்கு ஒரு பருவம் வருகிறது. அப்போது சொந்தக் கோளுக்குப் போய் இணை சேராவிட்டால் உயிர் போகும். ஸ்பாக்குக்கு ஏழு வயதிலேயே பெண் நிச்சயம் செய்திருக்கிறார்கள். மேலிடத்து உத்தரவை மீறிக் கிர்க் அவரை வல்கனுக்குக் கொண்டுபோகிறார். அங்கே சடங்கின் விதி இருவரையும் ஒருவரோடொருவர் மோத வைக்கிறது. கிர்க்கைக் கொன்றுவிட்டதாக நம்பி, நிச்சயித்த பெண்ணையும் விட்டுவிட்டுக் கப்பலுக்குத் திரும்புகிறார் ஸ்பாக். கிர்க் உயிரோடு நிற்கிறார். உணர்ச்சியையே காட்டாத ஸ்பாக்கின் முகத்தில் சிரிப்பு வெடிக்கிறது.

அந்த ஒரு சிரிப்பிலிருந்து ஓர் இலக்கியமே முளைத்தது. ரசிகர்கள் தாங்களே இதழ்கள் நடத்தத் தொடங்கினார்கள். அந்தத் தொடருக்கென்று வந்த முதல் ரசிகர் இதழ் 'ஸ்பாக்கனேலியா', 1967இல் வெளியானது. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் உருட்டி, பின் அடித்து, தபாலில் அனுப்பும் வேலை. நம் இயக்கங்களின் பழைய துண்டறிக்கைகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காகிதமும் மை வாசனையும் அந்நியமாக இருக்காது. எழுதியவர்கள், அச்சிட்டவர்கள், வாசித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

1973 டிசம்பரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. அடுத்த ஆண்டு, 1974 செப்டம்பரில், 'கிரப்' என்ற ரசிகர் இதழில் டயேன் மர்ச்சன்ட் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஒரு குறுங்கதை எழுதினார். இருவரின் காதல் தருணம். யாருடைய பெயரும் அதில் இல்லை. ஆனால் கிர்க், ஸ்பாக் காதலாக அச்சில் வந்த முதல் கதை அதுதான் என்று ரசிகர் வரலாறு குறித்துவைத்திருக்கிறது. பெயர் போடாத கதை. எங்கள் மேசைக்கு வந்த தாள்கள் இந்த இடத்தில் நினைவுக்கு வராமல் இருக்குமா?

பிறகு இரு பெயர்களின் முதலெழுத்துகளுக்கு நடுவே ஒரு சாய்கோடு போடும் வழக்கம் வந்தது. சாய்கோடு இருந்தால் காதல் கதை. அந்தக் கோட்டின் ஆங்கிலப் பெயரான 'ஸ்லாஷ்' என்பதே இந்த வகைமைக்குப் பெயராகிவிட்டது. தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரிக்கும் இது தெரிந்திருந்தது. 1979இல் முதல் திரைப்படத்தை அவர் நாவலாக்கியபோது ஒரு வல்கன் சொல்லை நுழைத்தார். நண்பன், சகோதரன், காதலன் என்ற மூன்று பொருளும் கொண்ட சொல் அது. ஓர் அடிக்குறிப்பில் கிர்க் அந்த வதந்தியைச் சிரித்தபடி தட்டிக்கழிக்கிறார். கதவை மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை.

பெண்கள் ஏன் இரண்டு ஆண்களின் காதலை எழுதினார்கள்? எழுத்தாளரும் பெண்ணியருமான ஜோன்னா ரஸ் 1985இல் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார். வழக்கமான காதல் கதையில் பெண் எப்போதும் ஆணுக்கு ஒரு படி கீழே. சமமான இருவரின் காதலைக் கற்பனை செய்ய அன்றைய பெண்ணுக்குப் பெண் பாத்திரமே கைகொடுக்கவில்லை. அதனால் வேறு உலகத்து ஆணிடம் தன் அந்நியத்தன்மையை ஏற்றிவைத்துச் சமத்துவத்தை எழுதிப் பார்த்தாள். அவர் வாதத்தின் சாரம் இது.

அந்த வாதத்தை ஏற்கும்போதே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். அதே கப்பலில் உஹுரா என்ற கறுப்பினப் பெண் அதிகாரி இருந்தார். சுலூ என்ற ஆசிய அதிகாரி இருந்தார். காதலின் மையத்துக்கு வந்தவர்கள் வெள்ளை நடிகர்கள் நடித்த இரு பாத்திரங்கள்தான். சுலூவாக நடித்த ஜார்ஜ் டக்கெய் சிறு வயதில் ஜப்பானிய அமெரிக்கர்களுக்கான தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டவர். தான் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதை 2005இல்தான் அவரால் வெளியே சொல்ல முடிந்தது. விண்வெளிக் காதலைப் பற்றி அத்தனை பேர் எழுதிக்கொண்டிருந்தபோது, அந்தக் கப்பலின் ஓட்டுநர் இருக்கையில் ஓர் உண்மையான மனிதர் வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

அடிமையின் பேரன் எழுதிய காதல்

சாமுவேல் ஆர். டிலேனி 1942இல் நியூயார்க்கில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர். கறுப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்பாளர். அவருடைய தாத்தா அடிமையாகப் பிறந்து, பின்னாளில் கிறிஸ்தவப் பேராயர் பதவிக்கு உயர்ந்தவர். 1967இல் 'நோவா' என்ற நாவலைத் தொடராக வெளியிடக் கேட்டு ஒரு பெரிய இதழுக்கு அனுப்பினார் டிலேனி. அதன் ஆசிரியர் ஜான் கேம்பெல் அக்காலத்து அறிவியல் புனைகதையின் பீடாதிபதி. நாவல் நன்றாக இருக்கிறது, ஆனால் கறுப்புக் கதாநாயகனோடு எங்கள் வாசகர்களால் ஒன்ற முடியாது என்பது அவரிடமிருந்து வந்த பதில். பச்சை நிற உயிரினங்களோடு ஒன்ற முடிந்த வாசகர்கள்! இதை டிலேனியே 1998இல் எழுதிய கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்.

1984இல் அவர் எழுதிய நாவல் 'ஸ்டார்ஸ் இன் மை பாக்கெட் லைக் கிரெய்ன்ஸ் ஆஃப் சாண்ட்'. இரு வேறு உலகத்து ஆண்களின் காதலை அறிவியல் புனைகதையில் இவ்வளவு ஆழமாகக் கொண்டுபோன படைப்புகள் குறைவு.

ராட் கோர்கா ரியோனான் என்ற கோளில் பிறந்தவன். நிம்மதி கிடைக்கும் என்று சொல்லி 19 வயதில் அவன் மூளையில் ஒரு சிகிச்சை செய்கிறார்கள். பதற்றம் போய்விடுகிறது. மறுக்கும் ஆற்றலும் அதோடு போய்விடுகிறது. அவன் அடிமையாகிறான். கழிவுக்கும் குப்பைக்கும் நடுவே வேலை செய்கிறான். ஒரு பெண் சட்டத்துக்குப் புறம்பாக அவனை விலைக்கு வாங்குகிறாள். ஒரு கையுறையை மாட்டிவிடுகிறாள். அதைப் போட்டுக்கொண்டால் அவனால் வாசிக்க முடிகிறது. நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெறிகொண்டு வாசிக்கிறான். பிறகு அவனைப் பிடித்து, கையுறையைக் கழற்றி, மறுபடி வேலைக்கு விடுகிறார்கள்.

இந்த இடத்தைப் படிக்கும்போது நமக்கு நெஞ்சு அடைக்கும். அடிமைக்குப் படிப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்பது ஆளும் சமூகங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். அதனால்தான் முதலில் கழற்றப்படுவது அந்தக் கையுறை.

ரியோனான் கோள் அழிகிறது. கோர்கா ஒருவன் மட்டும் பிழைக்கிறான். மார்க் டயத் இன்னொரு கோளான வெல்மைச் சேர்ந்தவன். வசதியான, பழம்பெருமை கொண்ட குடும்பம். தொழில் தூதராகக் கோள் கோளாகச் சுற்றுபவன். அவன் வாழும் தென்வெல்மில் மனிதர்களும் எவெல்ம் என்ற பூர்வகுடி உயிரினமும் ஒரே குடும்பமாக வாழ்கிறார்கள். அதே கோளின் வடக்கில் அந்த இரு இனங்களும் வெட்டிக்கொண்டு சாகின்றன. கோள்களையெல்லாம் இணைக்கும் தகவல் அமைப்பு ஒன்று கணக்குப் போட்டுப் பார்த்து, கோர்காவும் மார்க்கும் ஒருவர் மற்றவரின் ஆசைக்குத் தசமத் துல்லியத்தில் பொருந்துகிறார்கள் என்று கண்டுபிடித்து இருவரையும் சேர்த்துவைக்கிறது.

பேச்சுவாக்கில் கோர்கா தன் கோளின் சட்டத்தைச் சொல்கிறான். அங்கே ஆணும் ஆணும் உறவு கொள்வது 27 வயது வரை குற்றம். ஆனால் எந்த வயதிலும் மன்னிப்பே இல்லாத குற்றம் வேறு: உயரமானவரும் குள்ளமானவரும் சேர்வது. வாசகருக்குச் சிரிப்பு வரும். உயரத்தில் என்ன இருக்கிறது? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நம் ஊர்ச் சட்டம் நினைவுக்கு வரும். பிறப்பில் என்ன இருக்கிறது? அறிவியல் புனைகதையின் வேலை இதுதான். நமக்கு இயல்பாகிப்போன ஒரு சுவரை வேறு கோளில் கொண்டுபோய் வைத்து, அது எவ்வளவு அபத்தம் என்று காட்டுவது.

டிலேனி இந்தக் காதலைச் சர்வரோக நிவாரணியாக ஆக்கவில்லை. கோர்கா வந்த சேதி பரவுகிறது, கூட்டம் திரள்கிறது, கோளே நிலைகுலையும் ஆபத்து என்று காரணம் சொல்லி, சேர்த்துவைத்த அமைப்பே இருவரையும் பிரித்துவிடுகிறது. இரண்டாம் பாகம் வருவதாக அறிவிக்கப்பட்டது. முழுதாக வெளிவரவே இல்லை. அந்த நாவலுக்குப் பின்னணியாக இருந்த சொந்த உறவு முறிந்ததையும், எயிட்ஸ் தன் சமூகத்தைச் சூறையாடியதையும் டிலேனி காரணமாகச் சொல்லியிருக்கிறார். வரலாறு ஒரு காதல் கதையின் பாதியைத் தின்றுவிட்டது.

51 ஆண்டுகள்

தொலைக்காட்சி இன்னும் மெதுவாக நகர்ந்தது. 1987இல் 'ஸ்டார் ட்ரெக்' புதிய தொடருக்காக டேவிட் ஜெரால்ட் ஓர் அத்தியாயம் எழுதினார். எயிட்ஸ் அச்சத்தைப் பேசும் கதை. அதில் ஓர் ஆண் இணையும் உண்டு. அது படமாகவே இல்லை.

1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் காரக் என்று ஒரு தையல்காரர் வருகிறார். கார்டாசியன் இனத்தவர், முன்னாள் உளவாளி. பஜோர் என்ற கோளை ஆக்கிரமித்து அந்த மக்களை வதைத்த பேரரசின் ஆள். எதிர்த்தரப்பு நிலையத்தில் இருக்கும் இளம் மருத்துவர் பஷீரோடு முதல் சந்திப்பிலேயே ஓர் ஈர்ப்பு தெரிகிறது. காரக்காக நடித்த ஆண்ட்ரூ ராபின்சன், அந்த ஈர்ப்பை வேண்டுமென்றே நடிப்பில் கொண்டுவந்ததாகப் பின்னர் சொன்னார். ரசிகர்கள் அவர்களைப் பற்றி எழுதித் தள்ளினார்கள். தொடர் அதைக் காதல் என்று கடைசிவரை சொல்லவில்லை.

'ஸ்டார் ட்ரெக்' தொடர் ஒன்றில் ஓர் ஆண் இணை முதன்மைப் பாத்திரங்களாக வெளிப்படையாக வந்தது 2017இல். தொடங்கி 51 ஆண்டுகள். ஒளியை மிஞ்சிய வேகத்தில் போகும் கப்பலுக்கு இந்தத் தூரத்தைக் கடக்க அரை நூற்றாண்டு பிடித்தது.

நமக்கு இதில் என்ன?

இரண்டு விஷயங்கள் சொல்லத் தோன்றுகிறது.

ஒன்று, எதிரிகளின் காதலைக் கொண்டாடும்போது எச்சரிக்கையும் வேண்டும். காரக் வசீகரமானவர்தான். ஆனால் பஜோர் மக்களின் ரத்தம் அவர் தரப்பின் கையில் இருக்கிறது. இருவர் காதலித்துவிட்டால் ஆக்கிரமிப்பு மன்னிக்கப்பட்டதாக ஆகாது. 'காதல் எல்லாவற்றையும் கடக்கும்' என்று நம் சினிமா சொல்லும்போது நாம் கேட்கும் அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும்: கடப்பதற்கு விலை கொடுப்பது யார்? இருவரில் எவருடைய உடல் தண்டவாளத்தில் கிடக்கும்?

இரண்டு, யார் யாரோடு சேரலாம் என்ற விதிதான் ஒரு சமூகத்தின் ஆணிவேர். 1916 மே மாதம் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் வாசித்த கட்டுரை அதைத்தான் சொன்னது. அகமணமுறைதான் சாதியின் சாரம் என்றார். கல்யாண வேலி இல்லாவிட்டால் சாதி இல்லை. ஹார்லெம் அந்த வளாகத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 26 ஆண்டுகள் கழித்து அந்த ஊரிலேயே பிறந்த டிலேனி, இன்னொரு வேலியைப் பற்றி இன்னொரு வழியில் எழுதினார். வேலி எதுவாக இருந்தாலும் காவல் காப்பவர்களின் குரல் ஒரே மாதிரிதான் இருக்கும்: இயற்கைக்கு விரோதம், நம் பண்பாட்டில் இல்லாதது, வெளியிலிருந்து வந்தது. இந்திய தண்டனைச் சட்டத்தில் 377ஐ எழுதி வைத்தது 1860இல் பிரிட்டிஷ் ஆட்சி. வெளியிலிருந்து வந்தது எது என்று நாமே முடிவு செய்துகொள்ளலாம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் மனம் ஒப்பிய உறவுகளை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தது. நம் வாசிப்பு வட்டத்தின் சிரிப்பிலிருந்து விடுவிக்க வேண்டியது நாம்தான்.

வேலியைத் தாண்டியவர்களின் பிள்ளைகளும் தோழர்களும் நாம். இன்னொரு வேலிக்கு நாம் காவல் நிற்கக் கூடாது.

அந்தத் தாள்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. எழுதிய தோழர் இதை வாசிக்கிறாரா, தெரியாது. அடுத்த ஞாயிறு மாலை வட்டம் கூடும்போது, நிறுத்திய இடத்திலிருந்து, இரண்டாவது பக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கப் போகிறோம். அன்று சிரித்தவர்கள் எல்லோரும் வந்துவிடுங்கள். பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அந்த இரண்டு படைவீரர்களுக்கும் என்ன ஆனது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும்.